பதின்மூன்று வயதுக் குரல்: தான்யா டக்கரின் இசைவாழ்வு

"விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்பர். முளையில் தெரிவது பயிரின் இனமேயன்றி விளைச்சலன்று என்பதை நாம் பல வேளைகளில் மறந்துவிடுகிறோம். இளமையில் புகழெய்திய கலைஞர் எவரைப் பற்றிப் பேசினாலும், 'இத்தனைச் சிறிய வயதில் இவ்வளவு திறமையா!' என்னும் வியப்போடு பேச்சு நின்றுவிடுகிறது. வியப்பு திறனாய்வு ஆகாது. பாடியவரின் வயதைப் பாராட்டுவது வேறு. பாட்டை மதிப்பிடுவது வேறு. இவ்வேறுபாட்டைத் தெளிவாக உணர்த்தவல்ல சான்று, அமெரிக்கப் பாடகி தான்யா டக்கரின் ஐம்பதாண்டுக்கு மேற்பட்ட இசைவாழ்வாகும்.

அவர் பாடிய இசைவகையைப் பற்றி முதற்கண் ஒரு சொல். 'கன்ட்ரி' இசை என்பது அமெரிக்கத் தென்மாநில உழவர், தொழிலாளர் வாழ்வினின்று கிளைத்து, டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரைத் தலைமையிடமாகக் கொண்டு வளர்ந்தது. நாட்டுப்பாடலின் சாயல் கொண்டதாயினும், இசைத்தட்டு வணிகமும் வானொலியும் வளர்த்த கலை அது. பெரும்பாலும் கதை சொல்லும் இசை. காதல் முறிவு, குடி, வறுமை, சிறை, சாவு ஆகியன அதன் பாடுபொருள்கள். இத்தகைய பாடல்களை ஒரு சிறுமி பாடலாமா, பாடினால் அதில் உண்மை இருக்குமா என்பதே நம்முன் உள்ள வினா.

மறுத்ததும் தேர்ந்ததும்

தான்யா டக்கர் 1958 அக்டோபர் 10-ஆம் நாள் டெக்சாஸ் மாநிலத்துச் செமினோலில் பிறந்தார். தந்தை கட்டுமானத் தொழிலாளி. வேலை தேடி ஊர் ஊராகப் பெயர்ந்த குடும்பம் அது. தான்யாவின் இளமைப் பருவத்தின் பெரும்பகுதி அரிசோனாவின் வில்காக்ஸ் என்னும் சிற்றூரில் கழிந்தது. மகளின் குரலில் தந்தை வைத்த நம்பிக்கை பெரிது. அவள் பாடிப் பதிந்த ஒலிநாடா, டொலரஸ் புல்லர் என்னும் பாடலாசிரியர் வழியாக, கொலம்பியா நிறுவனத்தின் இசைத்தட்டுத் தயாரிப்பாளர் பில்லி ஷெரில் கைக்குச் சென்றது.

ஷெரில் அவளுக்கு முதலில் தர முன்வந்தது மணவாழ்வின் மகிழ்ச்சியைப் பாடும் பாட்டு. சிறுமி அதை மறுத்துவிட்டாள். பின்னர் டோனா பார்கோ பாடிய அப்பாடல் 1972-இல் பெரும் வெற்றி பெற்றது. வெற்றி பெறத்தக்க பாட்டை மறுத்தது பிழையன்றோ எனக் கேட்கலாம். அவள் தேர்ந்தது 'டெல்டா டான்'. அலெக்ஸ் ஹார்வியும் லாரி காலின்சும் இயற்றிய அப்பாடலின் தலைவிக்கு வயது 41. தன்னை விட்டுச் சென்ற காதலன் வந்து அழைத்துச் செல்வான் என நம்பி, கையில் பெட்டியோடு தெருவில் நடக்கும் பெண் அவள். ஊரார் அவளைப் பித்துப் பிடித்தவள் என்கின்றனர். 1972-இல் இப்பாடல் கன்ட்ரி இசைப் பட்டியலில் ஆறாம் இடத்தைப் பிடித்தபோது, பாடியவளுக்கு வயது 13.

கண்டோர் கூற்று

பதின்மூன்று வயதுச் சிறுமிக்கு நாற்பத்தொரு வயதுப் பெண்ணின் துயரம் எப்படித் தெரியும் என்று கேட்டவர்கள், பாட்டின் அமைப்பைக் கருதவில்லை. நம் அகப்பாடல் மரபு இங்கு நமக்குக் கைகொடுக்கிறது. அகப்பாடலில் புலவர் தம் பெயரால் பேசுவதில்லை. தலைவி, தோழி, செவிலி முதலியோரின் கூற்றாகவே பேசுவர். கபிலர் தலைவி கூற்றாகப் பாடினார் என்பதற்காக அவருடைய சொந்தப் பட்டறிவை எவரும் வினவுவதில்லை. 'பேசுபவர் யார்?' என்பதே அங்கு முதல் வினா.

அவ்வினாவை 'டெல்டா டா'னிடம் கேட்டுப் பார்ப்போம். அங்கே பேசுபவள் அந்தத் தலைவி அல்லள். அவளைத் தெருவில் பார்த்து நிற்கும் ஒருவர். நம் இலக்கணச் சொல்லால் கூறின், அது கண்டோர் கூற்று. சிற்றூரில் வளரும் சிறுமி இத்தகைய பெண்ணைக் கண்டிருக்கக் கூடும். ஊரார் நகைப்பதையும் கேட்டிருக்கக் கூடும். அவளுக்குத் தெரிய வேண்டியது காதலின் முறிவன்று. பார்வையின் கூர்மையும் இரக்கமும் போதும். தான்யாவின் தாழ்ந்த, சற்றே கரகரத்த குரல் அழுது காட்டவில்லை; கேட்டறிய விழைபவர்போல நின்று வினவுகிறது. இசைக்கருவிகளை நிறைத்துப் பதிவு செய்வதில் பெயர்பெற்ற ஷெரிலும், தொடக்கத்தில் கருவிகளை ஒதுக்கிக் குரல்களை மட்டும் ஒலிக்கவிட்டார். வயது இப்பாட்டுக்குத் தடையன்று, துணையே ஆயிற்று.

அடுத்த ஆண்டில் பட்டியலின் முதலிடத்தை எட்டிய இரு பாடல்களும் இக்கருத்தையே உறுதி செய்கின்றன. 'வாட்ஸ் யுவர் மாமாஸ் நேம்' என்பது, தன் குழந்தையைத் தேடி அலைந்து ஊராரால் தவறாக எண்ணப்பட்ட ஒருவனின் கதை. அங்கும் பேசுபவர் கதை சொல்லியே. 'பிளட் ரெட் அண்ட் கோயிங் டவுன்' பாட்டிலோ, ஓடிப்போன தாயைத் தேடித் தந்தை செல்லும்போது உடன்செல்லும் சிறுமியே பேசுகிறாள். கொலையில் முடியும் அக்கதையைக் குழந்தையின் வாயால் கேட்கும்போது எழும் அச்சம், வளர்ந்த பாடகர் எவராலும் தர இயலாதது.

கூற்று மயங்கிய இடம்

1974-இல் நிலைமை மாறியது. டேவிட் ஆலன் கோ இயற்றிய 'வுட் யூ லே வித் மீ' என்னும் பாடலை அவர் பாடினார். இன்பத்திலும் துன்பத்திலும் என்னோடு நிற்பாயா என்று காதலரை வினவும் உறுதிமொழிப் பாட்டு அது. இப்போது பேசுவது கண்டோர் அல்லர். தலைவியே தன்மையில் பேசுகிறாள். பாடியவருக்கு வயது 15. பாடல் முதலிடம் பெற்றது. உடன் சர்ச்சையும் எழுந்தது. பாட்டின் தலைவியையும் பாடிய சிறுமியையும் ஒருவராகவே கண்டனர் பலர். அதே ஆண்டில் 'ரோலிங் ஸ்டோன்' இதழின் அட்டையில் அவர் படம் வெளிவந்தது. பாட்டைவிட வயதே செய்தியாயிற்று.

இம்மயக்கத்தின் விளைவை 1978-இல் வெளிவந்த 'டி.என்.டி.' என்னும் இசைத்தொகுப்பில் காண்கிறோம். ராக் இசையை நோக்கித் திரும்பிய அத்தொகுப்பு, அட்டைப் படத்தின் கவர்ச்சியால் மிகுதியும் பேசப்பட்டது. முயற்சியின் துணிவை நாம் குறைகூற வேண்டியதில்லை. ஆயினும் அங்கே பாட்டுக்கு முன்னால் பாடகி வந்து நிற்கிறார். கதைசொல்லியின் இடத்தைக் 'குறும்புக்காரப் பெண்' என்னும் உருவம் பிடித்துக்கொண்டது. அவ்வுருவத்தை விற்பது எளிது. அதனுள் வாழ்வது எளிதன்று. பின்வந்த ஆண்டுகளில் குடியும் போதைப்பழக்கமும் அவரை அலைக்கழித்தன. 1988-இல் அவர் மருத்துவ மறுவாழ்வு நிலையம் சென்றார்.

இசைவாழ்வு அத்தோடு முடிந்துவிடவில்லை. 1986-இல் கேப்பிட்டல் நிறுவனத்தின் வழியாகத் திரும்பி வந்து மீண்டும் முதலிடப் பாடல்களைத் தந்தார். 1991-இல் கன்ட்ரி இசைக் கழகம் அவரை ஆண்டின் சிறந்த பாடகியாகத் தேர்ந்தெடுத்தது. அக்காலப் பாடல்கள் தேர்ச்சி மிக்கவை, கேட்க இனியவை. எனினும் அவற்றுட் பல வானொலியின் தேவையை நிறைவு செய்ததோடு நின்றன என்பதே என் மதிப்பீடு.

தன் கூற்று

2019-இல் 'வைல் ஐம் லிவின்' என்னும் தொகுப்பு வெளிவந்தது. 2002-க்குப்பின் புதிய பாடல்களோடு அவர் தந்த முதல் தொகுப்பு அது. பிராண்டி கார்லைலும் ஷூட்டர் ஜென்னிங்சும் அதை உருவாக்கினர். அதன் இறுதிப்பாடல் 'பிரிங் மை பிளவர்ஸ் நௌ'. இறந்தபின் மலர்வளையம் வேண்டா. உயிரோடு இருக்கும்போதே அன்பைக் காட்டுங்கள் என்பது அதன் பொருள். இப்பாடலை இயற்றியவர்களுள் தான்யாவும் ஒருவர். குரலில் பழைய வலிமை இல்லை, தேய்மானம் தெரிகிறது. அத்தேய்மானத்தை மறைக்க முயலாமல், அடக்கமான பின்னிசையோடு பாடியதே அப்பதிவின் சிறப்பு. 2020 சனவரியில் அத்தொகுப்பு சிறந்த கன்ட்ரி தொகுப்புக்கும், இப்பாடல் சிறந்த கன்ட்ரி பாடலுக்கும் கிராமி விருது பெற்றன. 'டெல்டா டா'னுக்காக அவ்விருதுக்கு முதலில் முன்மொழியப்பட்டபோது அவருக்கு வயது 14. முதல் விருது கைக்கு வந்தபோது வயது 61. 2023-இல் கன்ட்ரி இசைப் புகழ்மண்டபத்திலும் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

துன்பப்பட்டதால்தான் அவர் கலைஞரானார் என்று முடிவு கட்டுவது எளிது, அது தவறு. பதின்மூன்று வயதிலேயே அவர் கலைஞர்தாம். தன் வயதுக்கு எந்தப் பாட்டு பொய்யாகும், எது பொய்யாகாது என்பதை அறிந்து, மகிழ்ச்சிப் பாட்டை விலக்கித் துயரப் பாட்டைத் தேர்ந்தாரே, அத்தேர்வே அவருடைய முதற் கலைச்செயல். தன் குரலுக்கு உரிய கூற்று எது என்பதை அறிந்து பாடிய இடங்களில் அவர் வென்றார். கூற்றும் ஆளும் மயங்கிய இடங்களில் கலையும் தளர்ந்தது, வாழ்வும் தளர்ந்தது. அறுபதில் தன் வாய்மொழியாகவே பேசியபோது இரண்டும் ஒன்றாயின.

ஆசிரியராகிய நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. திறன்மிக்க பிள்ளை ஒன்று நம்முன் நிற்கும்போது, அதன் வயதைச் சொல்லிக் கைதட்டுவதற்கு முன், அது எதைத் தேர்கிறது, எதை மறுக்கிறது என்பதைக் கேட்டறிய வேண்டும். நாம் எழுதித் தரும் பேச்சையும் பாட்டையும் பிழையின்றி ஒப்பிக்கும் பிள்ளையைவிட, 'இது எனக்குப் பொருந்தாது' என்று சொல்லும் பிள்ளையிடம் கலை விழித்திருக்கக் கூடும். அம்மறுப்புக்குச் செவிசாய்த்த ஒரு தயாரிப்பாளர் இருந்ததனாற்றான் 'டெல்டா டான்' நமக்குக் கிடைத்தது என்பதை மறத்தலாகாது.