வலிப்பு நோயின் புதிய மருந்துகளும் அவற்றை அளக்குங் கோலும்

வலிப்பு நோயாளர் மூவருள் ஒருவருக்கு மருந்தினால் வலிப்பு முற்றாக நிற்பதில்லை. பொருத்தமான மருந்துகள் இரண்டினை உரிய அளவில் உட்கொண்ட பின்னரும் வலிப்பு நில்லாதாயின், அது மருந்துக்கு அடங்காத வலிப்பு எனப்படும். வலிப்பு நோய்க்கெதிரான அனைத்துலகச் சங்கம் 2010இல் வகுத்த இலக்கணம் இது. இத்தகையோரைக் கொண்டே புதிய மருந்துகள் பெரும்பாலும் சோதிக்கப்படுகின்றன.

சோதனை முறை யாவரும் அறிந்ததே. நோயாளர் தம் பழைய மருந்தைக் கைவிடாதிருக்க, அதனோடு ஒரு சாராருக்குப் புதிய மருந்தும் மறுசாராருக்கு அதனையொத்த போலிக் குளிகையும் வழங்கப்படும். எவருக்கு எது என்பதைக் கொடுப்போரும் அறியார், உண்போரும் அறியார். இவ்வொழுங்கு வீண் சடங்கன்று. வலிப்பு மிகுந்த காலத்திலேயே பலர் சோதனைக்கு வருவர். பின்னர் அது தானாகவே சிறிது தணியும். போலிக் குளிகை உண்டோர் இல்லாவிடின் அத்தணிவும் மருந்தின் புகழாகிவிடும். ஆதலின் சோதனைகள் யாவும் வணிகர் சூழ்ச்சியென ஒதுக்குவார் கூற்று ஏற்கத்தக்கதன்று.

குறை முறையிலன்று; அளவுகோலிலேயே உளது. வலிப்பின் தொகை பாதியாகவோ அதனிலும் மேலாகவோ குறைந்தவர் 'பயன் பெற்றவர்' எனக் கணிக்கப்படுவர். மாதம் எட்டு முறை வலிப்புற்ற ஒருவன் நான்கு முறை வலிப்புறுவானாயின் ஆய்வேட்டில் அது வெற்றி. அவனோ முன்போலவே தனித்து நீந்தவும், வண்டி செலுத்தவும், ஏணியில் ஏறவும் இயலாதவன். அவன் வேண்டுவது வலிப்பு அறவே நிற்பதையே.

2020இல் வெளிவந்த செனோபமேற் மருந்தின் சோதனை இவ்வகையில் ஆராயத்தக்கது. மூளையின் ஒரு பகுதியில் தொடங்கும் வலிப்புடையோர் 437 பேர் அதிற் பங்குபற்றினர். போலிக் குளிகையினர்க்கு வலிப்பின் இடையக் குறைவு நூற்றுக்கு 24. நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் உண்டோர்க்கு 55. பின்னவருள் நூற்றுக்கு 21 பேர் பன்னிரண்டு வாரகாலம் வலிப்பே இன்றியிருந்தனர்; போலிக் குளிகையினருள் ஒருவரே அவ்வாறிருந்தார். வலிப்பு நிற்றலைத் தனித்துக் கணக்கிட்டது பாராட்டற்பாலது. ஆயின் அந்த 21 என்பது 95 பேருள் 20 பேர். அவ்வளவு மருந்துக்கென முதலில் ஒதுக்கப்பட்டோர் 111 பேர். பன்னிரண்டு வாரப் பகுதியை எட்டுமுன் விலகியோரையும் வகுக்கும் எண்ணிற் சேர்ப்பின் விகிதம் 18 ஆகும். பன்னிரண்டு வாரமோ மிகக் குறுகியது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வலிப்புறுவார்க்கு அஃது எதனையும் நிறுவாது.

அரிதான தீங்குகளும் குறுகிய காலத்தில் வெளிப்படுவதில்லை. பெல்பமேற் 1993இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மறு ஆண்டே என்புமச்சை செயலிழத்தல், ஈரல் கெடுதல் ஆகிய தீங்குகள் பற்றிய எச்சரிக்கை வந்தது. விகபற்றின் 1989இல் பிரித்தானியாவில் வழக்குக்கு வந்தது. பார்வைப் புலம் சுருங்குதல் 1997இலேயே எடுத்துரைக்கப்பட்டது. எட்டாண்டுகள்!

இனி, கிளாஸ்கோ நகரத்து வலிப்பு நோய்ப் பிரிவின் கணக்கு. 2000ஆம் ஆண்டின் ஆய்வில் 525 பேருள் நூற்றுக்கு 63 பேர் வலிப்பின்றி இருந்தனர். 2018இல் அதே பிரிவினர் 1795 பேரை ஆராய்ந்து கண்டது 63.7. இடைக்காலத்தில் வந்த புதிய மருந்துகள் பல. அவற்றுட் சில பக்கவிளைவு குறைந்தன என்பது உண்மை. எனினும் முழுத் தொகை ஏறக்குறைய நகரவேயில்லை.

போலிக் குளிகைக்கும் விலையுண்டு. 112 சோதனைகளைத் தொகுத்த 2011ஆம் ஆண்டின் ஆய்வு, வலிப்பினால் நேரும் திடீர் மரணம் ஆயிரம் ஆள்-ஆண்டுகளுக்குப் போலிக் குளிகையினரிடை 6.9 எனவும், பயன்தரும் அளவில் மருந்துண்டோரிடை 0.9 எனவும் காட்டியது. மரணங்களின் தொகை சிறிதாகலின் இவ்வெண்களை நுணுக்கமாகக் கொள்ளலாகாது. வேறுபாட்டைப் புறக்கணிக்கவும் ஒண்ணாது. சோதனைக்கு முந்திய மாதத் தொகையை ஒருவரின் வலிப்பு எட்டியதும் அவரைப் போலிக் குளிகையினின்று விடுவிக்கும் ஏற்பாட்டை ஆய்வாளர் சிலர் முன்வைத்துள்ளனர். அஃது அக்குழுவினரின் ஆபத்தைக் குறைக்கும். ஆயின் ஒப்பிடும் காலமும் சுருங்குமாதலின், அனுமதிக்குப் பின் மருந்துண்போரைப் பல்லாண்டு கண்காணிக்கும் பதிவேடு அதனோடு கட்டாயமாக்கப்படல் வேண்டும்.