கையெழுத்துக்குப் பின் வராத குடித்தனம்

சென்னை நகரத்தில் வாடகை வீடு பேசி முடித்து, ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, முன்பணத்தையும் எண்ணிக் கொடுத்துவிட்டு, பால் காய்ச்ச நல்ல நாளும் குறித்துக்கொண்டு போன ஒருவர், உத்தியோக மாற்றத்தாலோ, பிள்ளைக்கு வேறிடத்தில் பள்ளி கிடைத்ததாலோ, அல்லது வாடகை குறைந்த வீடொன்று கண்ணில் பட்டதாலோ, "நாங்கள் வருவதற்கில்லை" என்று சொல்லியனுப்பும்போது, வீட்டுக்காரர் பெரும்பாலும் சட்டப் புத்தகத்தைப் புரட்டுவதில்லை. "அப்படியானால் அட்வான்ஸ் திரும்பாது" என்று ஒரே வாக்கியத்தில் விவகாரத்தை முடித்துவிடுகிறார். வழக்கம் என்ற பெயரில் நிலைத்துவிட்ட இந்த உபாயம் எந்த மட்டும் நியாயம், எந்த இடத்தில் அது அநியாயமாக மாறுகிறது என்பது ஆராயத் தக்க விஷயம்.

நியாயத்தை முதலில் சொல்லிவிடுவது முறை. வாடகைக்கு விடுகிறவர்கள் எல்லாரும் தெருத்தெருவாகக் கட்டடம் வைத்திருக்கும் தனவந்தர்கள் அல்லர். ஓய்வூதியத்தோடு மாடிப் போர்ஷனின் வாடகையையும் சேர்த்தே மாதக் கணக்கைப் போடும் குடும்பங்கள் மாம்பலத்திலும் மயிலாப்பூரிலும் குரோம்பேட்டையிலும் எத்தனையோ இருக்கின்றன. அத்தகைய ஒருவர், வந்து கேட்ட மற்றவர்களை "வீடு முடிந்துவிட்டது" என்று திருப்பியனுப்பி, வெள்ளையடித்து, தரகருக்கு ஒரு மாத வாடகையைக் கமிஷனாகவும் கொடுத்துவிட்டுக் காத்திருக்கையில் இந்தச் செய்தி வந்தால், வழக்காடி நஷ்டத்தை மீட்பதென்பது நடக்கிற காரியமா? குறைந்த மதிப்புள்ள முத்திரைத்தாளில் எழுதிய ஒப்பந்தத்தை நியாயஸ்தலத்தில் நீட்டினால், தீர்வை குறைந்த பத்திரத்தைச் சாட்சியமாக ஏற்கவேண்டுமானால் அந்தக் குறையையும், அதைப்போல் பத்து மடங்கு அபராதத்தையும் முதலில் செலுத்து என்கிறது 1899-ஆம் ஆண்டின் முத்திரைச் சட்டம். வக்கீல் கட்டணமும் வாய்தாக்களும் அதற்கு அப்புறம். ஆகவே கையிலிருக்கும் முன்பணமே வீட்டுக்காரருக்குள்ள ஒரே காப்பு என்பதும், ஒரே சமயத்தில் இரண்டு மூன்று வீடுகளுக்கு டோக்கன் கொடுத்து வைத்துவிட்டுச் சாவகாசமாக ஒன்றைத் தேர்ந்துகொள்ளும் சுபாவத்தை அந்தக் காப்பு ஓரளவு அடக்கி வைக்கிறது என்பதும் மறுக்க இயலாதவை.

வழக்கத்தின் தோஷம் அதன் அளவில் இருக்கிறது. பத்து மாத வாடகையை முன்பணமாக வாங்கிப் பழகிய ஊரில், 18,000 ரூபாய் வாடகைக்கு 1,80,000 ரூபாய் வீட்டுக்காரரின் வசம் போய்ச் சேருகிறது. ஒரு நாள்கூடக் குடியிராதவரிடமிருந்து அவ்வளவையும் பற்றிக்கொள்வது நஷ்டஈடு அன்று, தண்டனை. தண்டிக்கும் அதிகாரத்தை 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் ஒப்பந்தக்காரர் எவருக்கும் வழங்கவில்லை. அதன் 73-ஆம் பிரிவு, வாக்குத் தவறியதால் இயல்பாக விளைந்த நஷ்டத்துக்கே ஈடு கேட்கலாம் என்கிறது. 74-ஆம் பிரிவோ, ஒப்பந்தத்திலேயே ஒரு தொகை குறிக்கப்பட்டிருந்தாலும் அதை உச்சவரம்பாகக் கொண்டு, அதற்குள் நியாயமானதை மட்டுமே பெறலாம் என்கிறது. 1969-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த மௌலா பக்ஷ் வழக்கு இவ்விஷயத்தில் படித்துப் பார்க்கத் தக்கது. ராணுவத்துக்கு உருளைக்கிழங்கும், கோழியும் முட்டையும் மீனும் அளிப்பதாக இரண்டு ஒப்பந்தங்கள் செய்துகொண்டு 18,500 ரூபாய் கட்டியிருந்த ஒருவர் ஒழுங்காகச் சரக்கு அனுப்பாமற் போகவே, சர்க்கார் அத்தொகையைப் பறிமுதல் செய்தது. அது அச்சாரம் அன்று, ஈட்டுத்தொகைதான் என்றும், வேறிடத்தில் வாங்கிய விலையைக் காட்டி நஷ்டத்தை நிரூபித்திருக்கலாமே, அதைச் செய்யாமல் முழுவதையும் எடுத்துக்கொள்ள முடியாது என்றும் நீதிமன்றம் கூறியது. உருளைக்கிழங்குக்கும் மாடிப் போர்ஷனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். வீடு எத்தனை நாள் பூட்டிக் கிடந்தது என்பது கிழங்கின் விலையைக் காட்டிலும் சுலபமாக நிரூபிக்கக் கூடியது என்பதே சம்பந்தம். பேச்சு முடிந்ததற்கு அடையாளமாகக் கொடுக்கும் சிறு டோக்கன் தொகையை அச்சாரமென்று வாதாடவாவது இடமுண்டு. பத்து மாத முன்பணத்துக்கு அந்த வாதம் செல்லாது.

நஷ்டத்தைக் கணக்கிடுவதில் நம் பஞ்சாங்கமும் ஒரு கட்சியாக வந்து சேர்ந்துகொள்கிறது. ஆனி மாத இறுதியில் பின்வாங்கியவரும் தை மாதத்தில் பின்வாங்கியவரும் செய்தது ஒரே காரியமானாலும், விளைவு ஒன்றன்று. ஆடியில் குடிபோக மனமொப்பாத ஊரில், ஜூலை முதல் தேதி நிரம்பியிருக்க வேண்டிய வீடு ஆகஸ்டு 20-இல்தான் நிரம்புகிறது. 50 நாள் வாடகை 30,000 ரூபாய், மறுபடி கொடுத்த கமிஷன் 18,000. ஆக 48,000 ரூபாயைக் கழித்துக்கொண்டு 1,32,000 ரூபாயைத் திருப்புவதே, என் அபிப்பிராயத்தில், வீட்டுக்காரர் எந்த மன்றத்திலும் தலைநிமிர்ந்து சொல்லக்கூடிய கணக்கு. ஆடி வந்ததற்கு நானா பொறுப்பு என்று குடித்தனக்காரர் கேட்டால், ஆனியில் ஒப்புக்கொண்ட தமிழருக்கு அடுத்த மாதம் இன்னதென்று தெரியாதிருக்க நியாயமில்லை என்பதே விடை. தையிலோ ஒரு வாரத்தில் வேறொருவர் வந்துவிடுகிறார். அப்போது கழிக்கத் தக்கது சொற்பமே.

ஒப்பந்தக் காலமான பதினொரு மாதத்தின் வாடகையையும் கொடு என்று வாதிடுகிறவர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வேறொருவருக்கு விடக்கூடிய வீட்டைப் பிடிவாதமாகப் பூட்டி வைத்துக்கொண்டு வாடகை கேட்பதற்கு அதே 73-ஆம் பிரிவின் விளக்கம் குறுக்கே நிற்கிறது. நஷ்டத்தைத் தணிக்க இருந்த வழிகளையும் கணக்கிலெடுக்க வேண்டும் என்கிறது அது. 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டமும், வேறு ஒப்பந்தம் இல்லையேல் ஈட்டுத்தொகை மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது என்றும், வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள் கழிக்க வேண்டியதைக் கழித்துத் திருப்ப வேண்டும் என்றும் விதித்தது. குடியிருந்து போகிறவரை மனத்தில் வைத்து எழுதப்பட்ட விதி அது. கையெழுத்திட்டுவிட்டு வராமலே போனவரை அது நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. "வேறு ஒப்பந்தம் இல்லையேல்" என்ற வாசலும் திறந்தே இருக்கிறபடியால் பத்து மாதப் பழக்கம் அதன் வழியாகவே நுழைந்துவிடுகிறது.

"உனக்குப் பதில் ஒருவரைக் கொண்டுவா, பணம் முழுவதையும் தருகிறேன்" என்று சொல்லும் வீட்டுக்காரர்கள் சிலர் உண்டு. தரகுச் செலவும் மிச்சம், மனஸ்தாபமும் மிச்சம். மற்ற வழிகளைக் காட்டிலும் இது எனக்குப் பிடித்த வழி. ஆயினும் அழைத்து வரப்பட்டவர்களில் ஒருவரை மாமிசம் உண்பவரென்றும், இன்னொருவரைப் பிரமசாரியென்றும், மூன்றாமவரை நாய் வளர்ப்பவரென்றும் தள்ளிக்கொண்டே போகிறவர், தேர்ந்தெடுக்கும் உரிமை தமக்கு இருந்தாலும், அந்தக் காலியான நாட்களின் நஷ்டத்தையும் மற்றவர் தலையில் கட்டுவது எப்படிப் பொருந்தும்?

இவ்வளவு சிக்கலும் ஒப்பந்தம் எழுதும் நாளிலேயே பெரிதும் தவிர்க்கத் தக்கது. சுவரில் ஆணி அடிப்பதைப் பற்றியும், மோட்டார் போடும் நேரத்தைப் பற்றியும், வெள்ளையடிக்கக் கழிக்கும் ஒரு மாத வாடகையைப் பற்றியும் விஸ்தாரமாக எழுதும் நம் பத்திரங்கள், சாவி வாங்குவதற்கு முன்பே ஒருவர் விலகினால் என்ன செய்வது என்ற இடத்தில் மௌனம் சாதிக்கின்றன. டோக்கன் இவ்வளவு, அது அச்சாரம் என்று ஒரு வரி. குடிவராவிட்டால் வேறொருவர் வரும் வரையிலான நாட்களின் வாடகையும் கமிஷனும், மொத்தத்தில் இரண்டு மாத வாடகைக்கு மேற்படாமல், கழிக்கப்படும் என்று இன்னொரு வரி. மீதியை இத்தனை நாளுக்குள் தருவதென்று மூன்றாவது. தரகர் கொண்டுவரும் அச்சடித்த படிவத்தில் இவற்றைச் சேர்க்கச் சொன்னால் அவர் முகம் சுளிப்பார். கமிஷன் அவருக்குக் கையெழுத்தோடு வந்துவிடுகிறது, குடித்தனம் வந்தாலும் வராவிட்டாலும்.