திருவுளச் சீட்டும் பூட்டிய பெட்டியும்

மருந்து குடித்தான், நோய் மாறிற்று, ஆகவே மருந்தே நோயை மாற்றிற்று என்று முடிவு கட்டுவது எவ்வளவு இலகுவோ அவ்வளவு ஆபத்தானதுமாகும். 2020 டிசம்பரில் கேகாலை மாவட்டத்து ஹெட்டிமுல்லையில், காளி அருளியதாகச் சொல்லப்பட்ட ஒரு பாணியைப் பெற ஆயிரக்கணக்கான மக்கள் முண்டியடித்ததை நாம் மறந்துவிடவில்லை. அன்றைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி அதனைப் பகிரங்கமாக அருந்தினார். 2021 ஜனவரியில் அவரையே கொரோனா பற்றியது. படித்தவர்கள் நகைத்தனர். ஆனால் அந்த நகைப்பிலும் ஒரு தவறு உண்டு. பாணி குடித்த பலர் சுகமாயிருந்தமை அதன் பயனுக்குச் சான்றாகாதது போலவே, குடித்த ஒருவர் நோயுற்றமையும் அதன் பயனின்மைக்குச் சான்றாகாது. குடித்தோரையும் குடியாதோரையும் முறையாக ஒப்பிட்டாலன்றி இரண்டும் வெறும் கதைகளே.

முறையான ஒப்பீடு என்பது யாது? யாருக்கு மருந்து, யாருக்கு இல்லை என்பதை வைத்தியர் தீர்மானித்தால், பிழைக்கக்கூடியவருக்கே அவர் அதைக் கொடுக்க இடமுண்டு. நோயாளியே தீர்மானித்தால், பணமும் படிப்பும் உள்ளவன் முந்திக்கொள்வான். பின்னர் கிடைக்கும் பெறுபேறு மருந்தின் வலிமையைக் காட்டுகிறதா, வர்க்கத்தின் வசதியைக் காட்டுகிறதா என்று பிரித்தறிய முடியாது. ஆகவேதான் திருவுளச் சீட்டு. சோழர் காலத்து ஊர்ச்சபை குடவோலைக்கு இணங்கியதும் ஆள் பார்த்துத் தெரியும் கையை விலக்கவே. பிரிட்டனில் காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் கொடுத்துப் பார்த்து 1948ல் முடிவை வெளியிட்டபோது, புள்ளியியலாளர் பிராட்ஃபோர்ட் ஹில் இந்த நெறியை வைத்தியத்தில் நிலைநாட்டினார்.

நம் நாட்டிலேயே இதற்குச் சிறந்த உதாரணம் உண்டு. நஞ்சருந்தியோருக்குக் கரித்தூளைப் பலமுறை கொடுப்பது பயன் தருமா என்ற கேள்வி எழுந்தது. ஒரு வகைத் தாவர நஞ்சு அருந்திய 401 பேரிடையே நடத்திய பரிசோதனை 2003ல் வெளிவந்தது. பலமுறை கொடுக்கப்பட்ட பிரிவில் 5 பேரும், மற்றப் பிரிவில் 16 பேரும் இறந்திருந்தனர். இத்துடன் விவகாரம் முடிந்ததென எவரும் எண்ணியிருப்பர். ஆனால் பிற நஞ்சுகளையும் உள்ளடக்கி, மூன்று வைத்தியசாலைகளில் நாலாயிரத்து அறுநூறுக்கு மேற்பட்டோரிடையே நடத்தி 2008ல் வெளியிட்ட பெரும் பரிசோதனையில், பலமுறை கொடுத்தோருள் இறந்தோர் நூற்றுக்கு 6.3, ஒன்றுமே கொடாதோருள் 6.8. குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. சீட்டுக் குலுக்கியதனால் மாத்திரம் உண்மை ஒரே தடவையில் வெளிவந்துவிடுவதில்லை. எத்தனை பேர், எந்த நஞ்சு, எந்த வைத்தியசாலை என்று பார்த்தே நிறுக்க வேண்டும்.

இங்கேதான் நமது படித்த நண்பர் சிலருடன் நான் மாறுபடுகின்றேன். சீட்டுக் குலுக்காத ஆய்வு எதுவும் விஞ்ஞானமன்று என்று சொல்வது இப்போது ஒரு நாகரிகமாகிவிட்டது. அப்படியாயின் புகையிலையால் நுரையீரற் புற்றுநோய் வரும் என்பதையும் தள்ளிவிட வேண்டுமே! 1950ல் டாலுடன் சேர்ந்து அதனை எடுத்துக்காட்டியவரும் அதே ஹில்தான். மனிதருக்குச் சீட்டுப் போட்டு சிகரெட் கொடுக்க அவர் முனையவில்லை. புகைத்தோரையும் புகையாதோரையும் விசாரித்து, வேறு விளக்கங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினார்.

கமக்காரர் வீட்டில் இருக்கும் கிருமிநாசினிப் போத்தல் எத்தனை உயிர்களைக் குடித்தது என்பதை நாம் அறிவோம். இலங்கையில் தற்கொலை வீதம் 1950க்கும் 1995க்கும் இடையே எட்டு மடங்காயிற்று. பரிகாரமாக இரு யோசனைகள் எழுந்தன. ஒன்று, கிருமிநாசினியைப் பூட்டி வைக்க வீட்டுக்கொரு பெட்டி. அனுராதபுர மாவட்டத்தில் 180 கிராமங்களைச் சீட்டுமுறையிற் பிரித்து, பாதிக்குப் பெட்டி வழங்கி மூன்றாண்டு கவனித்தனர். 2017ல் வெளியான முடிவு: பயன் இல்லை. பெட்டி கிடையாத கிராமங்களை வஞ்சித்தார்களா என்று என் மாணவி ஒருத்தி கேட்டாள். பெட்டி காக்கும் என்று முன்கூட்டி எவருக்கும் தெரிந்திருக்கவில்லை; தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லி நாடெங்கும் விநியோகித்திருந்தால் அதுவே வஞ்சனை என்றேன்.

மற்றது, மிகக் கொடிய நஞ்சுகளைச் சந்தையிலிருந்தே அகற்றுவது. 1995ல் ஒரு தொகுதியும், 1998ல் எண்டோசல்பானும், 2008 தொடக்கம் 2011 வரை பரகுவாட் முதலியனவும் தடுக்கப்பட்டன. இதற்குச் சீட்டுப் போட முடியுமா? ஒரு நாட்டுக்குச் சட்டம் ஒன்றுதான். எனவே ஆய்வாளர் பதிவேடுகளை நாடினர். 1995க்கும் 2005க்கும் இடையே தற்கொலை வீதம் பாதியாகியது. முந்திய பத்தாண்டுடன் ஒப்பிட, 1996 முதல் 2005 வரை ஏறத்தாழ 19,800 மரணங்கள் குறைவு. யுத்தமா, வேலையின்மையா, மதுவா, மணமுறிவா என்று வினவிப் பார்த்தனர்; அவற்றின் ஏற்ற இறக்கம் இவ்வீழ்ச்சிக்குப் பொருந்தவில்லை. நஞ்சருந்தி வைத்தியசாலைக்கு வந்தோர் அவ்வளவாகக் குறையவில்லை; வந்தவர் பிழைத்துத் திரும்பினர். காரணம் மனமாற்றமன்று, நஞ்சின் மாற்றமே என்பதற்கு இதைவிட வலுவான தடயம் வேண்டுமா?

இவ்விரு யோசனைகளுக்கும் இடையே உள்ள அரசியல் வேறுபாட்டையும் கவனிக்க வேண்டும். பெட்டி ஏழையின் வீட்டிற்குள் பொறுப்பைச் சுமத்துகிறது, வியாபாரத்திற்கு ஊறில்லை. தடையோ இறக்குமதியாளனின் களஞ்சியத்தைத் தொடுகிறது. சீட்டுமுறை ஆய்வு மாத்திரமே சான்று என்போம் எனில், பெட்டியைப் பரீட்சிக்கலாம், தடையைப் பரீட்சிக்க இயலாது. கம்பனிகளுக்கு இதைவிட வாய்ப்பான தத்துவம் வேறில்லை.

விளைச்சல் வீழ்ந்துவிடும் என்ற அச்சமும் எழாமலில்லை. நெல் விளைச்சற் கணக்குகளை ஆராய்ந்தோர் அந்தத் தடைகளால் வீழ்ச்சி காணவில்லை என்று 2008ல் எழுதினர். 2021ல் இரசாயன உரமும் கிருமிநாசினியும் ஒட்டுமொத்தமாக நிறுத்தப்பட்டு வயல்கள் நொந்ததை இத்துடன் சேர்த்துக் குழப்புவோர் உளர். முன்னது, எந்த நஞ்சு கொல்கிறது என்று வைத்தியசாலைப் பதிவேடு காட்ட, ஒவ்வொன்றாக எடுக்கப்பட்ட நடவடிக்கை. பின்னது, எந்தக் கணக்கையும் கேளாமல் ஒரே நாளில் பிறந்த கட்டளை. அவ்வாண்டு முடியுமுன்னரே அது திருப்பிப் பெறப்பட்டது.