ஏறுக்குமாறான இரண்டு கோடுகள்

தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்பதை மூக்கடியில் வைக்கும் குழாயே காட்டிவிடும். ஏன் நிற்கிறது என்று சொல்ல நெஞ்சிலும் வயிற்றிலும் கட்டும் இரண்டு பெல்ட்டுகள் வேண்டும். ஸ்லீப் ஸ்டடிக்கு ஒட்டும் அத்தனை வயர்களுக்கும் நடுவில் என் மனம் போய் நிற்பது இந்தப் பெல்ட்டுகளிடம்தான்.

பெல்ட்டுக்குள் மெல்லிய கம்பி ஒன்றை நெளிநெளியாகத் தைத்திருப்பார்கள். கம்பி நீளாது, நெளிவு விரியும், சுருங்கும். அதில் மிகச் சிறிய மாறுமின்னோட்டம் ஓடுகிறது. மூச்சை இழுக்கும்போது பெல்ட் வளைத்திருக்கும் பரப்பு கூட, கம்பியின் மின்தூண்டலும் மாறுகிறது. அந்த மாற்றம்தான் திரையில் அலையாக எழுகிறது. தூங்குபவருக்கு வலியில்லை, குத்தலில்லை. எவ்வளவு அழகான யோசனை!

நல்ல தூக்கத்தில் இரண்டு அலைகளும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். தொண்டைச் சதை தளர்ந்து வழியை அடைத்ததும் மூக்கின் கோடு படுத்துவிடுகிறது. கீழே உள்ள இரண்டும் ஓய்வதில்லை. உதரவிதானம் இறங்கி வயிற்றை முன்னே தள்ளுகிறது. காற்று வராததால் உள்ளே உண்டாகும் உறிஞ்சல் நெஞ்சுக்கூட்டை ஒடுக்குகிறது. வயிறு மேடு என்றால் நெஞ்சு பள்ளம். பூட்டிய கதவோடு நடக்கும் மல்லுக்கட்டு முழுவதும் அந்த ஏறுக்குமாறில் தெரிகிறது. பிறகு மூளை ஒரு கணம் விழிக்கிறது. பெரிய குறட்டையோடு வழி திறக்க, இரண்டு கோடுகளும் மறுபடி ஒன்றுசேர்கின்றன.

இந்த முயற்சியை இன்னும் துல்லியமாக அளக்க, மூக்கு வழியே உணவுக்குழாய்க்குள் அழுத்தமானி விடுவதுண்டு. அதில் ஒவ்வொரு இழுப்பும் முந்தையதைவிட ஆழமாக இறங்கும். மூச்சு நிற்காமலே இழுக்கும் பாடு மட்டும் கூடிக்கூடித் தூக்கம் கலைகிறவர்களை 1993இல் ஸ்டான்ஃபோர்டின் கிறிஸ்டியன் கில்மினோ குழுவினர் இப்படித்தான் இனங்காட்டினார்கள். ஆனால் அந்த அழுத்தமானியோடு தூங்குவது எல்லோராலும் ஆகாது. பெல்ட்டின் அருமை அங்கே புரிகிறது.

மூக்கின் கோடு 10 விநாடி படுத்திருக்க, பெல்ட் கோடுகளும் கூடவே படுத்துவிட்டால் கதை வேறு. தொண்டையில் குற்றமில்லை, மூளையிலிருந்து கட்டளையே வரவில்லை. மருத்துவர் இதயத்தையும், நோயாளி சாப்பிடும் மருந்துகளையும் விசாரிக்க வேண்டியிருக்கும். சிலருக்கு ஒரே நிறுத்தத்தில் இரண்டும் வரும்: முதலில் மூன்று கோடுகளும் சமதளம், பிறகு வயிறு லேசாக அசைகிறது, நெஞ்சு எதிர்த்திசையில் சேர்ந்துகொள்கிறது, மூக்கு மட்டும் இன்னும் படுத்தே கிடக்கிறது. கலப்பு வகை என்று அதைக் குறிப்பார்கள். அந்த முதல் அசைவைத் தவறவிடாத கண் வாய்த்த டெக்னீஷியன் நோயாளிக்குக் கிடைத்த கொடுப்பினை.