கணிப்பும் மதிப்பும்: டோனி விருதுகளை முன்வைத்து

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மாதவி தன் ஆடற்றிறத்தை அவையில் காட்டி நிறைவு செய்கிறாள். கண்டு மகிழ்ந்த சோழ மன்னன் தலைக்கோற் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னும் வழங்குகிறான். ஆடலைக் கண்டவனும் அவனே. அதன் தகுதியை அளந்தவனும் அவனே. பரிசு தந்தவனும் அவனே. காணுதல், மதித்தல், வழங்குதல் ஆகிய மூன்றும் அங்கே ஒருவனிடத்தில் ஒருங்கே நிகழ்ந்தன. ‘பரிசு கிட்டுமா, கிட்டாதா?’ என்று புகார் நகரத்தார் முன்னதாகவே ஆரூடம் பார்த்ததாக இளங்கோவடிகள் யாண்டும் குறிக்கவில்லை.

இன்றைய நாடக உலகில் இம்மூன்றும் வெவ்வேறு கைகளுக்குப் பிரிந்து போயின. நான்காவதாக ஒன்றும் அவற்றோடு சேர்ந்துகொண்டது. அதுதான் கணிப்பு. நியூயார்க் நகரத்துப் பிராட்வே நாடகங்களுக்கு ஆண்டுதோறும் வழங்கப்படும் டோனி விருதுகளை எடுத்துக்கொள்வோம். பரிந்துரைப் பட்டியல் வெளியாகும் நாளுக்கும் விருது வழங்கும் நாளுக்கும் இடையே ஏறத்தாழ ஐந்து வாரங்கள் உள்ளன. அந்த ஐந்து வாரமும் செய்தித்தாள்களில், நாடகத்தைப் பற்றிய பேச்சைவிட, வெல்லப்போவது யார் என்ற பேச்சே ஓங்கி நிற்கிறது. இக்கணிப்பு திறனாய்வின் ஒரு கிளையா? அன்றித் திறனாய்வின் இடத்தைக் கவர்ந்துகொள்ள வந்த வேறொன்றா? இக்கேள்வியைச் சற்றே ஆராய்வது பயனுடையது.

விருதும் வாக்காளரும்

அன்டோனெட் பெர்ரி என்பவர் நடிகையாகவும் இயக்குநராகவும் விளங்கியவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கன் தியேட்டர் விங் என்னும் அமைப்பின் தூணாக நின்றவர். 1946-இல் அவர் மறைந்தார். அவர் நினைவாக 1947 ஏப்ரல் 6 அன்று வால்டோர்ஃப் அஸ்டோரியா விடுதியில் முதல் விருதுகள் வழங்கப்பட்டன. தொடக்க ஆண்டுகளில் வென்றவர் பெயர் மட்டுமே வெளியாயிற்று. யார் யார் போட்டியில் நின்றனர் என்பது 1956 முதல்தான் வெளியிடப்பட்டது. ஆகவே இன்று நாம் காணும் கணிப்புக்கலை, விருதோடு பிறந்ததன்று, பட்டியலோடு பிறந்தது. 1967-இல் நாடு முழுவதற்குமான தொலைக்காட்சியில் விழா இடம்பெற்றபின் அது வேகமாக வளர்ந்தது.

வாக்களிப்பவர் யாவர் என்பது அடுத்த கேள்வி. எண்ணூறுக்கு மேற்பட்டோர் வாக்குரிமை உடையவர்கள். நாடகத் தயாரிப்பாளர், அரங்க உரிமையாளர், நடிகர் சங்கத்தின் பொறுப்பாளர், நாடகாசிரியர், இயக்குநர், அரங்க அமைப்பாளர், விளம்பர அலுவலர், வெளியூர்களில் நாடகங்களை வரவழைத்து நடத்துவோர் எனப் பல தரத்தினரும் இதில் அடங்குவர். பெரும்பாலோர் தொழிலுக்குள் இருப்பவர்கள். திறனாய்வாளர் மிகச் சிலர். 2009-இல் பத்திரிகைத் திறனாய்வாளரின் வாக்குரிமை முற்றிலும் பறிக்கப்பட்டது. மறு ஆண்டே அவர்களுள் ஒரு பகுதியினரான நியூயார்க் நாடகத் திறனாய்வாளர் வட்டத்தினருக்கு மட்டும் அது திரும்ப அளிக்கப்பட்டது.

ஒரு பிரிவில் ஐந்து நாடகங்கள் நிற்கின்றன. எண்ணூறு பேர் வாக்களிக்கின்றனர் என்று வைத்துக்கொள்வோம். வாக்குகள் ஏறத்தாழச் சமமாகச் சிதறினால் நூற்று அறுபத்தொரு வாக்குப் பெற்ற நாடகமும் வென்றுவிடலாம். எஞ்சிய அறுநூற்று முப்பத்தொன்பது பேர் அதனைத் தேர்ந்தவரல்லர். ஆயினும் மறுநாள் காலையில் அது ‘ஆண்டின் சிறந்த நாடகம்’ என்றே உலகெங்கும் அறியப்படும். கணிப்போன் முன்னே இருப்பது ‘எது சிறந்தது?’ என்ற கேள்வியன்று. ‘இந்த எண்ணூறு பேருள் பெரிய குழு எது?’ என்ற கேள்வியே. இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதை மறந்த இடத்தில்தான் குழப்பம் தொடங்குகிறது.

நான்கு அளவுகோல்கள்

கணிப்போர் பெரிதும் நம்பும் அளவுகோல்கள் நான்கு. நான்கும் பல வேளைகளில் பலிக்கின்றன. பலிக்காத வேளைகளே நமக்குப் பாடம் சொல்கின்றன.

முதலாவது, பரிந்துரைகளின் எண்ணிக்கை. 2016-இல் ‘ஹாமில்டன்’ 16 பரிந்துரைகள் பெற்று 11 விருதுகளை வென்றது. அங்கே அளவுகோல் பொய்க்கவில்லை. ஆனால் பெருந்தொற்றினால் தள்ளிப்போய் 2021 செப்டம்பரில் நடந்த விழாவில், 12 பரிந்துரைகள் பெற்றிருந்த ‘ஸ்லேவ் ப்ளே’ ஒரு விருதுமின்றித் திரும்பிற்று. அந்நாள்வரை இசையில்லா நாடகம் எதுவும் அத்தனை பரிந்துரை பெற்றதில்லை. இம்முரணுக்குக் காரணம் எளிது. பரிந்துரை செய்வது சிறு குழு, தேர்வது பெருந்திரள். சிறு குழு துணிவைப் போற்றலாம். பெருந்திரள் துணிவைக் கண்டு தயங்கலாம்.

இரண்டாவது, முன்னே வழங்கப்படும் பிற விருதுகள். டிராமா டெஸ்க் விருதைப் பெற்றது டோனியையும் பெறும் என்பர். ஆனால் அதற்கு வாக்களிப்போர் எழுத்தாளரும் திறனாய்வாளரும், இங்கே தொழிலினர். மேலும் அது ஆஃப் பிராட்வே எனப்படும் சிற்றரங்க நாடகங்களையும் கருதுவது; டோனியோ ஐந்நூறு இருக்கைகளேனும் கொண்ட நாற்பத்தொரு அரங்கங்களோடு நின்றுவிடுவது. ‘டெட் அவுட்லா’ சிற்றரங்கில் நடந்தபோது 2024-இல் டிராமா டெஸ்க் விருதினைச் சிறந்த இசை நாடகமாக வென்றது. பிராட்வேக்கு வந்து 2025-இல் ஏழு பரிந்துரைகள் பெற்று, ஒன்றையும் வெல்லாமல், அவ்வாண்டு ஜூன் இறுதியில் திரையை இறக்கிற்று.

மூன்றாவது, அரங்கேறும் காலம். மறதி மனித இயல்பு. ஆகவே ஏப்ரலில் வந்த நாடகமே ஜூனில் நினைவிலிருக்கும் என்பது தயாரிப்பாளர் நம்பிக்கை. பருவத்தின் இறுதி வாரங்களில் நாடகங்கள் நெருக்கியடித்துக்கொண்டு வருவது இதனால்தான். ஆனால் ‘மேபி ஹேப்பி எண்டிங்’ 2024 நவம்பரில் வந்தது. சியோல் நகரில் பிறந்த இக்கதையில், ஓய்வுபெற்ற இரண்டு பணியாள் எந்திரங்கள் ஒன்றன்மேல் ஒன்று அன்பு கொள்கின்றன. தொடக்கத்தில் சீட்டு விற்பனை மந்தமாக இருந்தது. பலர் அதனைக் கைவிட்டுவிட்டனர். பார்த்தவர்கள் பார்க்காதவர்களிடம் சொல்லச் சொல்ல அது பிழைத்தெழுந்தது. 2025 ஜூனில் சிறந்த இசை நாடகம் உட்பட ஆறு விருதுகளைப் பெற்றது.

நான்காவது, பணம். வெளியூர் அரங்கத்தார்க்கும் வாக்குண்டு. ஊர் ஊராகச் சென்று வசூல் தரவல்ல நாடகத்தையே அவர்கள் தேர்வர் என்பது கணிப்போரின் பழைய கோட்பாடு. 2004-இல் அக்கோட்பாட்டின்படி ‘விக்கட்’ வென்றிருக்க வேண்டும். பத்துப் பரிந்துரைகள் பெற்ற பெரும் படைப்பு அது. பொம்மைகளை வைத்து நடத்திய சிறு நாடகமாகிய ‘அவென்யூ கியூ’, உள்ளம் சொல்வதற்கு வாக்களியுங்கள் என்று வாக்காளரை வேண்டி நின்று, இசை நாடகம், கதையுரை, பாடல் ஆகிய மூன்று தலையாய விருதுகளையும் கொண்டுபோயிற்று. பின்னர் அந்நாடகத்தார் சுற்றுப்பயணத்தை விடுத்து லாஸ் வேகாஸ் நகரத்துக்கு நாடகத்தைக் கொண்டு செல்வதாக அறிவித்தபோது, வெளியூர் அரங்கத்தார் வருந்தினர். அவர்களுள்ளும் பலர் பணத்தை மறந்து வாக்களித்திருந்தனர் என்பதற்கு அவ்வருத்தமே சான்று.

பலித்த கணிப்பும் பலியாத மதிப்பும்

இவ்வளவும் கணிப்பு தவறிய கதைகள். கணிப்பு தவறாத கதைகளும் உண்டு. அவை இன்னும் ஆழமானவை.

1976-இல் ‘எ கோரஸ் லைன்’ வெல்லும் என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. அது ஒன்பது விருதுகளை வென்றது. அதே ஆண்டில் 11 பரிந்துரைகளோடு நின்ற ‘சிகாகோ’வுக்கு ஒன்றும் கிட்டவில்லை. கணித்தவர் கணக்கு முழுவதும் சரி. ஆனால் புகழுக்காகக் கொலையையும் காட்சிப்பொருளாக்கும் ஒரு சமுதாயத்தைச் ‘சிகாகோ’ எள்ளி நகையாடியதே, அந்த எள்ளலின் கூர்மை என்னாயிற்று? அது 936 காட்சிகளோடு நின்றது. இருபது ஆண்டுகள் கழிந்து, 1996-இல் மீண்டும் மேடையேறியது. 1997-இல் ஆறு டோனி விருதுகளைப் பெற்றது. ‘எ கோரஸ் லைன்’ ஆடிய 6137 காட்சிகளையும் கடந்து ஓடிற்று. இடையே நாடகம் மாறிவிடவில்லை. பார்ப்பவர் கண்தான் மாறிற்று. 1976-இல் சரியாகக் கணித்த ஒருவர், அக்கணிப்பினால் ‘சிகாகோ’வைப் பற்றி ஒரு சொல்லும் அறிந்துகொள்ளவில்லை.

1972-இல் நிகழ்ந்தது இன்னும் விந்தையானது. ஸ்டீபன் சாண்ட்ஹைம் இசையமைத்த ‘ஃபாலீஸ்’ பாடல், இயக்கம், நடனம், நடிகை, அரங்க அமைப்பு, ஆடையணி, ஒளியமைப்பு என ஏழு விருதுகளைப் பெற்றது. ஆனால் சிறந்த இசை நாடகம் என்ற விருது, மொத்தம் இரண்டே விருதுகள் பெற்ற ‘டூ ஜென்டில்மென் ஆஃப் வெரோனா’வுக்குப் போயிற்று. உறுப்புகள் ஒவ்வொன்றும் சிறந்தவை, உடல் மட்டும் சிறந்ததன்று என்பது போன்ற தீர்ப்பு இது! இரண்டு திங்கள் சென்றபின் ‘ஃபாலீஸ்’ நின்றது. போட்ட முதல் முழுவதும் இழப்பாயிற்று. 1984-இல் சாண்ட்ஹைமின் ‘சண்டே இன் த பார்க் வித் ஜார்ஜ்’ அதே நிலையை அடைந்தது. பத்துப் பரிந்துரைகளுள் அரங்க அமைப்புக்கும் ஒளியமைப்புக்கும் மட்டுமே விருது. சிறந்த இசை நாடகம் ‘லா காஜ் ஓ ஃபோல்’. எனினும் நியூயார்க் நாடகத் திறனாய்வாளர் வட்டம் ‘சண்டே’யையே அவ்வாண்டின் சிறந்த இசை நாடகமாகத் தேர்ந்திருந்தது, 1985-இல் அதற்குப் புலிட்சர் பரிசும் கிடைத்தது.

‘லா காஜ்’ தாழ்ந்தது என்பது இதன் கருத்தன்று. ஒரு குடும்பத்தின் அன்பை மனம்விட்டுச் சொன்ன நாடகம் அது; அதற்கு வாக்களித்தவர் தவறிழைத்தவரல்லர். காலம் தீர்ப்பு மாற்றி எழுதும் என்று சொல்லி நாம் ஆறுதல் கொள்ளவும் வேண்டியதில்லை, காலமும் தவறும். நாம் கூறவருவது ஒன்றே: எண்ணூறு பேரின் விருப்பத்தை முன்னறிவது ஓர் அறிவு, ஒரு நாடகத்தின் உள்ளீட்டை அறிவது வேறோர் அறிவு.

இரண்டு பத்திகள்

நியூயார்க் திறனாய்வாளரிடையே ஒரு பழக்கம் உண்டு. விருதுக்கு முன் அவர்கள் இரண்டு பத்திகள் எழுதுவர். ஒன்று ‘வெல்லும்’, மற்றொன்று ‘வெல்ல வேண்டும்’. எளிய ஏற்பாடுதான்; ஆயினும் திறனாய்வின் அறம் முழுவதும் இதனுள் அடங்கியிருக்கிறது. முதற்பத்தியில் உலகம் எத்தகையது என்பதை ஒருவர் ஒப்புக்கொள்கிறார். இரண்டாம் பத்தியில் தாம் எத்தகையவர் என்பதை வெளிப்படுத்துகிறார். முதற்பத்தி தவறினால் நகைப்பு மிஞ்சும். நாளை எவரும் நினையார். இரண்டாம் பத்தியில் எழுதியதற்கோ அவர் வாழ்நாள் முழுவதும் பொறுப்பு.

இன்றைய ஆபத்து, இரண்டாம் பத்தி சுருங்கி வருவதே. கணிப்பில் வென்றவனுக்கு உடனே புகழ் உண்டு. மதிப்பீட்டில் நேர்மையாக நின்றவனுக்கு அது இல்லை. ஆகவே ‘எனக்கு இது உயர்ந்ததாகத் தோன்றுகிறது’ என்று சொல்ல வேண்டியவர், ‘வாக்காளர்க்கு இது உயர்ந்ததாகத் தோன்றும்’ என்று சொல்லிப் பின்னே மறைகிறார். இதில் நட்டம் அவருக்கு மட்டுமன்று. வெல்லாது என்று எல்லோரும் எழுதிவிட்ட நாடகத்துக்குச் சீட்டு வாங்க வருவோர் குறைவர். விருதின்றி நின்ற நாடகங்கள் ஜூன், ஜூலையில் வரிசையாக மூடப்படுவது பிராட்வேயில் ஆண்டுதோறும் காணும் காட்சி. மூடப்படும் ஒவ்வொரு நாடகத்தோடும் நடிகர், இசைக்கலைஞர், மேடைப் பணியாளர், ஆடை தைப்போர் எனப் பலர் வேலையிழக்கின்றனர். கணிப்பு அங்கே வெறும் விளையாட்டன்று; நாடகத்தின் ஆயுளைத் தொடும் செயல்.

ஆகவே கணிப்பை விலக்க வேண்டும் என்பதில்லை. அதனால் வாக்குமுறை தெரிகிறது. தொழிலின் பொருளியல் தெரிகிறது. மக்களின் மனப்போக்கு தெரிகிறது. அவற்றைத் தெரிந்துகொண்டபின், திறனாய்வாளர் தம் இரண்டாம் பத்தியை முதற்பத்தியைவிடப் பெரிதாக எழுதட்டும். இரு பத்திகளும் ஆண்டுதோறும் ஒன்றாகவே இருக்குமாயின், அவர் தம் சுவையை வாக்காளரிடம் அடகு வைத்துவிட்டார் என்று ஐயுறலாம். எப்போதும் முற்றிலும் மாறுபட்டே இருக்குமாயின், அவர் அவையினின்றும் நெடுந்தொலைவு விலகிவிட்டார் எனலாம். இரண்டும் சில இடங்களில் ஒத்தும் சில இடங்களில் முரண்பட்டும் நிற்குமானால், அம்முரணுக்குக் காரணம் காட்டி அவர் எழுதும் சொற்களே திறனாய்வு.

1972-இலும் 1976-இலும் 1984-இலும் தோற்கப்போகும் நாடகத்துக்காக எவரேனும் அத்தகைய சொற்களை எழுதியிருப்பின், அவர் கணிப்பில் தோற்றவராகவே அன்று தோன்றியிருப்பார். அந்நாடகங்களைப் பின்வந்தோர் மீண்டும் தேடி எடுக்க வழிகாட்டியவர் அவரே. பட்டியலில் வென்றவர் பெயர் நிலைத்திருக்கும். அது போதும் அவர்க்கு. தோற்றவற்றுள் தகுதியுடையவற்றின் பெயரை நினைவில் வைத்திருப்பது திறனாய்வாளர் கடன்.