ஜப்பானியக் கூட்டும் மரண ரயிலும்: தமிழ் நாவல்களின் இரு பாதைகள்

ஜப்பானியர் ஆட்சிக் காலத்தைப் பொருளாகக் கொண்ட மலேசியத் தமிழ் நாவல்கள் இரு திசைகளில் பிரிந்து நிற்கின்றன. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' (1993) தோட்ட மக்கள் இருப்புப்பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்ட கொடுமையைக் கூறுகிறது. அ. ரெங்கசாமி அதே துயரத்தை 'நினைவுச் சின்னம்' நாவலிலும், இந்திய தேசிய ராணுவத்தை 'இமையத் தியாகம்' நாவலிலுமாகத் தனித்தனியே எழுதினார். இப்பிரிவு கதையமைப்பின் வசதிக்காக மட்டும் நேர்ந்ததன்று என்றே கருதுகிறோம். ஒரே அரசு விடுதலைக்குத் துணைவனாகவும் தொழிலாளருக்குக் கூற்றுவனாகவும் இருந்ததை ஒரு கதைக்குள் வைப்பது எளிதன்று.

ஆயினும் வரலாறு இரண்டையும் பிரிக்கவில்லை. சயாம்-பர்மா பாதையின் இரு முனைகளும் இணைந்தது 1943 அக்டோபர் 17இல். நான்கு நாள் கழித்துச் சிங்கப்பூர் கேத்தே அரங்கில் நேதாஜி தற்காலிக அரசை அறிவித்தார். அதனை ஏற்ற ஒன்பது அரசுகளில் ஜப்பானோடு, பாதை ஊடுருவிய தாய்லாந்தும் பர்மாவும் அடங்கும். ரயிலுக்குப் பிடிபடாதிருக்கவே படையில் சேர்ந்தோரும் தோட்டங்களில் இருந்தனர்.

துணை தேடியவர்கள் கண்மூடி நம்பினர் என்பதும் பொருந்தாது. 1942 ஜூனில் பாங்காக் மாநாடு ஜப்பானிடம் தெளிவான உறுதிமொழிகளைக் கோரிற்று. அவை கிட்டாமையால் அவ்வாண்டு டிசம்பரில் கே. பி. கேசவ மேனன் செயற்குழுவிலிருந்து விலகினார். மோகன் சிங் கைதானார். 1943 நவம்பரில் தோக்கியோவில் அந்தமான், நிக்கோபார் தீவுகளை ஒப்படைப்பதாகத் தோஜோ அறிவித்தார். மறு ஆண்டு அங்கு ஆணையராகச் சென்ற தமிழர் லோகநாதனின் கைக்கு வந்ததோ பெரும்பாலும் கல்வித் துறை மட்டுமே! இவ்வொரு பதவியே தனி நாவலுக்குப் போதுமான பொருள்.

ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' (1972) இவ்விடத்தில் ஒப்புநோக்கத்தக்கது. பாண்டியன் படையில் சேர்ந்தவனாயினும் ஆசிரியரின் எள்ளல் நடை வீரவழிபாட்டுக்கு இடந்தருவதில்லை. எனினும் அது மெடான், பினாங்கு வணிகர் உலகம். பால்மரக் காட்டு மக்கள் அதன் ஓரத்திற்கும் அரிதாகவே வருகின்றனர். ஆதலால் சிங்காரத்தைக் கொண்டு ரெங்கசாமியை ஈடுசெய்ய இயலாது. ரெங்கசாமியின் இரு நாவல்களையும் ஒரே பருவத்தில், அடுத்தடுத்து, மாணவர் கையில் கொடுக்கலாம்.