கடாரம்: ஏட்டிலும் மண்ணிலும்

கடாரம் என்றவுடன் மாணவர் நெஞ்சில் எழுவது இராசேந்திர சோழனின் வெற்றியே. 'கடாரம் கொண்டான்' என்னும் விருதுப்பெயர் வகுப்பறையிலும் புதினங்களிலும் மேடைகளிலும் ஒலித்து ஒலித்து, அதனைத் தோற்ற ஊராகவே நிலைநிறுத்திவிட்டது. இப்பார்வை நிறைவுடையதா என்பது ஆராய்தற்குரியது.

பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து குவிந்த பண்டங்களைக் கூறுமிடத்துக் காழகத்துப் பொருளையும் சேர்த்துரைக்கிறது. காழகம் என்பது கடாரமே என்றார் உரையாசிரியர் நச்சினார்க்கினியர். பர்மாவைக் குறிக்கும் என்பாரும் உளர். உரையாசிரியர் கூற்றை ஏற்பின், கடாரம் தமிழிலக்கியத்துள் அடியெடுத்து வைத்தது பகைப்புலமாக அன்று. வணிகத் துணையாகவே எனலாம். கடாரத்தரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரத்திற்கு, 1006ஆம் ஆண்டளவில் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்ததைச் செப்பேடு சொல்கிறது. படையெடுப்போ 1025இல் நிகழ்ந்தது. இருபதாண்டுக் கால நட்பை மறந்து போரை மட்டும் போற்றுவது அரைகுறைப் படிப்பேயாகும்.

மண்ணும் இதற்குச் சான்று பகர்கிறது. கோலா கெத்திலைத் தொட்டு ஓடும் மூடா ஆறு கடலை நாடும் வழிக்கும் ஜெராய் மலைக்கும் இடையே விரிவது பூஜாங் பள்ளத்தாக்கு. அங்குக் காடு மூடிய சின்னங்களை 19ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் லோ கண்டறிந்தார். 1936, 1937ஆம் ஆண்டுகளில் குவாரிச் வேல்ஸ் இணையர் முப்பது இடங்களை அகழ்ந்தனர். 2009 முதல் சுங்கை பத்துவின் செம்பனைத் தோட்ட நிலத்தில் இரும்பு உருக்கிய உலைகளும் படகுத்துறையும் வெளிப்பட்டன. தேடியோர் கண்டது மதில் சூழ்ந்த மாநகரன்று. கோயில்களும் துறைகளும் தொழிற்களங்களும் ஆற்றோரமெங்கும் பரவிய வாழ்விடங்கள். உழைப்பாலும் வாணிகத்தாலும் வளர்ந்த ஊர் அது.

வெற்றிப் பெருமிதம் இச்சின்னங்களைக் காத்ததா? 2013இல் பதினொன்றாம் எண் சண்டி, நில மேம்பாட்டுப் பணியில் இடித்துத் தள்ளப்பட்டது. செய்தி பரவிய பின்னரே பலர் அப்படியொன்று இருந்ததை அறிந்தனர். விருதுப்பெயரை மனப்பாடம் செய்த சமுதாயம், அவ்வூரின் செங்கல்லை அடையாளம் காணக் கற்கவில்லை.

ஆகவே, கடாரத்தைக் கற்பிக்கும் ஆசிரியர் பாட்டையும் உரையையும் செப்பேட்டையும் ஒருங்கே வைத்து விளக்குதல் வேண்டும். பின்னர் மாணவரை மெர்போக் அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் செல்லுதல் வேண்டும். கெடா மாநிலத் தோட்டங்களில் பயிலும் பிள்ளைகளுக்கு அது தொலைவும் அன்று.